போரோபுதூரும் பிரம்பானானும் ஒரே நாளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக்கு மூன்று முறை போய் வந்ததில் கிடைத்த பட்டம், சொந்தக்காரர்கள் வட்டாரத்தில் "ஜாவாக்காரர்". யார் அங்கே டிக்கெட் போட்டாலும் எனக்கு போன் வருகிறது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், குரல் மட்டும் வேறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

இந்த ரெண்டு கோயிலும் எங்க இருக்கு? பாலியிலயா?

இல்லை. இரண்டும் நடு ஜாவாவில், யோக்யகர்த்தா நகரத்தை ஒட்டி இருக்கின்றன. ஊர்க்காரர்கள் சுருக்கமாக "ஜோக்ஜா" என்பார்கள். போரோபுதூர் நகரத்திலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர், பிரம்பானான் கிழக்கே 17 கிலோமீட்டர். அதாவது ஊருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து ஜோக்ஜாவுக்கு நேரடி விமானம் உண்டு. சென்னையிலிருந்து போகிறவர்கள் அந்த இரண்டில் ஒன்றில் மாறுவதுதான் வழக்கம்.

அங்கே பழைய கோயில் எதுவானாலும் பெயருக்கு முன்னால் "சண்டி" என்று வரும். சண்டி போரோபுதூர், சண்டி பிரம்பானான். பயப்பட வேண்டாம், நம்மூர் சண்டித்தனம் இல்லை. பழங்காலக் கல் கோயிலுக்கு அங்கே அதுதான் சொல்.

எது புத்தர் கோயில், எது நம்ம கோயில்? ரெண்டும் ஒரே காலமா?

போரோபுதூர் மகாயான பௌத்தம், சைலேந்திர அரசர்கள் காலத்தில் எழுந்தது. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிந்திருக்கிறது. பிரம்பானான் சிவன், பிரம்மா, விஷ்ணு மூவருக்குமான கோயில் தொகுதி, நடுநாயகம் சிவன். 856ஆம் ஆண்டின் சிவகிருகக் கல்வெட்டு சொல்வது இந்தக் கோயிலைத்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆக இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை, மிஞ்சினால் இரண்டு. தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010இல். இவை இரண்டும் அதற்கு மூத்தவை.

ஒரு நாள் போதுமா?

இரண்டு கோயில்களுக்குப் போதும். ஆனால் சுற்றுலா நிறுவனங்கள் விற்கும் "ஒரு நாள்" வேறு: விடியற்காலை மலைமேல் சூரிய உதயம், போரோபுதூர், கோழி வடிவத்தில் ஒரு கட்டடம், ஜீப் சவாரி, லுவாக் காபித் தோட்டம், வெள்ளி நகைக் கடை, பிறகு பிரம்பானான். முதல் முறை நாங்கள் அப்படித்தான் போனோம். சிவன் கோயிலுக்குள் நுழையும்போது மணி நாலே முக்கால், ஐந்து மணிக்குக் காவலர் விசில் ஊதிவிட்டார். வெள்ளிக் கடையில் செலவழித்த ஒரு மணி நேரத்தை நினைத்து என் மனைவி இன்றைக்கும் திட்டுவாள்.

என் கணக்கு இது. காலை ஆறரைக்குக் கிளம்பி போரோபுதூர், பக்கத்திலேயே மெண்டுத் என்ற சிறிய புத்தர் கோயில். மதியச் சாப்பாடு. அப்புறம் பிரம்பானானுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம், வாகன நெரிசல் இருந்தால் கூடும். இரண்டரைக்கு அங்கே இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். வழியில் எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது என்று முன்பணம் கட்டும்போதே சொல்லிவிடுங்கள்.

சூரிய உதயத்தை போரோபுதூர் உச்சியில இருந்து பார்க்கலாம்னாங்களே?

பழைய பயணக் குறிப்புகளில் வரும் செய்தி அது. இப்போது பெரும்பாலும் ஆட்களைக் கூட்டிப்போவது செத்தும்பு என்ற பக்கத்துக் குன்றுக்கு. அங்கிருந்து பார்த்தால் பனிமூட்டத்துக்கு நடுவே கோயில் ஒரு கறுப்புப் புள்ளி, பின்னால் மெராப்பி எரிமலை. அழகுதான். ஆனால் மூன்றரை மணிக்கு எழுந்த உடம்பு மதியம் பிரம்பானானில் கண்ணை மூடிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், அப்போது மேகம் மட்டுமே தெரிய வாய்ப்பு அதிகம்.

கைடு கட்டாயமா? டிரைவரே எல்லாம் சொல்வார்னு சொன்னாங்க.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "வழிகாட்டியுடன்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். வருகிறவர் ஓட்டுநர். நல்ல மனிதராக இருப்பார், ஆங்கிலமும் பேசுவார், ஆனால் வாகன நிறுத்தத்தோடு அவர் வேலை முடிந்தது. உள்ளே உங்களோடு வந்து விளக்குகிறவர் உரிமம் பெற்ற வழிகாட்டி, அவர் வேறு ஆள். பதிவு செய்யும்போது "உள்ளே வருவது யார்?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள், எல்லாம் வெளியே வந்துவிடும்.

போரோபுதூரில் மேலே ஏறுவதானால் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். ஏறும் டிக்கெட்டிலேயே குழுவுக்கு ஒருவர் சேர்த்தி. பிரம்பானானில் கட்டாயம் இல்லை, ஆனாலும் நான் அங்கேதான் காசு கொடுத்து ஆள் வைப்பேன். சிற்பத்தில் கதை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் சுற்றினால் வெறும் கல்தான் தெரியும். தமிழ் பேசும் வழிகாட்டியை நான் பார்த்ததில்லை. ஆனால் ராமாயணம் அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மீதியை ஆங்கிலம் பார்த்துக்கொள்ளும்.

மேல ஏற தனி டிக்கெட்டாமே? எவ்வளவு ஆகும்?

ஆமாம். வளாகத்தைச் சுற்றி வர ஒரு டிக்கெட், கட்டடத்தின் மேல் ஏற இன்னொரு வகை. நான் போனபோது ஏறும் டிக்கெட்டை ஒரு நாளைக்கு 1,200 பேருக்குத்தான் கொடுத்தார்கள், அதுவும் நேரம் குறித்து. கல் படிகள் தேய்ந்துவிட்டன, அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. நான் கடைசியாகப் போனபோது வெளிநாட்டவருக்கு 455,000 ரூபியா, நம் கணக்கில் 2,500 ரூபாய் வாக்கில். உள்ளூர்க்காரர்களுக்கு இதைவிட மிகக் குறைவு. 2022இல் வெளிநாட்டவருக்கு 100 டாலர் வாங்கலாம் என்று ஒரு பேச்சு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். அந்தப் பழைய செய்தியைப் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

விடுமுறை நாட்களில் ஏறும் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே எடுங்கள். திங்கட்கிழமைகளில் மேலே ஏறவிடாத காலமும் இருந்தது, அதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

செருப்பைக் கழட்டணுமா? என்ன டிரஸ்?

நம் ஆட்களுக்குக் கால் தானாகச் செருப்பைத் தேடும், தெரியும். பிரம்பானானில் யாரும் கழற்றுவதில்லை, கருவறைக்குள்ளேயே காலணியோடு போகிறார்கள். முதல் முறை எனக்கு மனசு கேட்காமல் வாசலில் கழற்றி வைத்தேன். எரிமலைக் கல், மதிய வெயில்: பத்தடியில் ஓடிவந்து மாட்டிக்கொண்டேன். போரோபுதூரில் மேலே ஏறுகிறவர்களுக்குத் தாழை ஓலையில் பின்னிய மெல்லிய செருப்பு தருவார்கள், "உபானத்" என்று பெயர். வடமொழியில் செருப்புக்கு உபானஹம் என்பதுதான் அது. திரும்பக் கேட்கமாட்டார்கள், வீட்டுக்கு எடுத்து வரலாம்.

உடை என்றால் முழங்காலும் தோளும் மூடியிருந்தால் சரி. பருத்திச் சட்டை, குடை, தண்ணீர். புடவையில் வரலாமா என்று ஒரு அத்தை கேட்டார். பிரம்பானானில் தாராளமாக. போரோபுதூர் படிகளில் வேண்டாம்.

அம்மாவுக்கு முட்டிவலி. கூட்டிட்டுப் போகலாமா?

கூட்டிப்போகலாம், ஏறும் டிக்கெட் மட்டும் அவருக்கு எடுக்காதீர்கள். போரோபுதூர் 35 மீட்டர் உயரம். படிகள் செங்குத்து, ஒவ்வொன்றும் உயரம். கீழே நிழலான புல்வெளி இருக்கிறது, வளாகத்துக்குள் பேட்டரி வண்டியும் ஓடுகிறது. பிரம்பானானில் சமதரையில் நின்றே கோபுரங்களை நன்றாகப் பார்க்கலாம், சந்நிதிகளுக்கு மட்டும் படி ஏற வேண்டும். என் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது இரண்டும் இல்லை, மெண்டுத். படிகள் கொஞ்சம்தான், உள்ளே போனால் நேரே சாமி.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் "சைவம்" என்று சொன்னாலும் இறால் வந்துவிடும். "தெராசி" என்று இறால் விழுது ஒன்று, சட்னி மாதிரியான சம்பாலில் எல்லாம் கலந்திருக்கும். "தன்பா தெராசி" என்றால் தெராசி இல்லாமல். அப்பளம் போல வைக்கும் குருப்புக்கிலும் பெரும்பாலும் இறால்தான். வெந்த காய்கறிகளை நிலக்கடலைக் குழம்பில் புரட்டிய காடோ காடோ, பெச்செல், அப்புறம் தெம்பே, தாஹு என்னும் சோயா வகைகள் நமக்கு ஒத்துப்போகும். ஜோக்ஜாவின் பெருமையான குடெக், பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலில் வெல்லம் போட்டு வேகவைத்தது. முட்டையும் கோழியும் கூட வரும், எடுத்துவிடச் சொல்ல வேண்டும். இனிக்கும். ஊறுகாய்ப் பொட்டலம் கொண்டுபோனவர்கள் பிழைத்தார்கள்.

போரோபுதூர்ல கர்ப்பக்கிரகம் எங்க இருக்கு? சுத்திச் சுத்தி வந்தும் கண்டுபிடிக்க முடியலை.

இல்லை, அதனால்தான் கிடைக்கவில்லை. அது உள்ளே நுழையும் கோயிலே அல்ல. ஒரு குன்றுக்குக் கல் சட்டை போட்ட மாதிரி: சதுரமாக ஆறு தளங்கள், மேலே வட்டமாக மூன்று, உச்சியில் மணி வடிவத்தில் ஒரு பெரிய தூபி. சதுரத் தளங்களில் சிற்பச் சுவர்களுக்கு நடுவே நடக்கிறோம், வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். வட்டத் தளத்துக்கு ஏறியதும் சுவரெல்லாம் போய்விடும். சிற்பமும் இல்லை, கதையும் இல்லை. துளையிட்ட 72 தூபிகள், உள்ளே அமர்ந்த புத்தர்கள், சுற்றிலும் மலைகள். காமதாது, ரூபதாது, அரூபதாது என்று வழிகாட்டி சொல்வார்: ஆசையின் உலகம், உருவத்தின் உலகம், உருவமற்றது. நம் கோயிலில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போவோம். இங்கே நேர் எதிர்.

கருவறையில் சாமி பார்த்தால்தான் திருப்தி என்றால் அதற்குத்தான் மெண்டுத். மூன்று மீட்டர் உயர புத்தர் கால் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார், இரு பக்கமும் அவலோகிதேசுவரர், வச்சிரபாணி என்ற போதிசத்துவர்கள். ஏறும் படியின் பக்கச் சுவரைப் பாருங்கள். இரண்டு பறவைகள் குச்சியின் இரு முனையைக் கவ்வ, நடுவில் ஆமை தொங்கும். வாய் திறந்து விழுந்த அதே ஆமை, நம் பாட்டிகள் சொன்ன கதை.

மேல ஒரு மணி நேரந்தான் விடுறாங்க. எதைப் பார்க்கிறது?

நாலு சுற்றுப் பாதைகளின் எல்லாச் சிற்ப வரிசைகளையும் முறையாகப் பார்க்க பத்து முறை வலம்வர வேண்டும். கோயில் முழுக்க 2,672 சிற்பப் பலகைகள். ஒரு மணி நேரத்தில் நடக்கிற காரியமா? அதனால் முதல் சுற்றுப் பாதையிலேயே அரை மணி நேரம் நில்லுங்கள். வலம்வருவது நம் பிரதட்சிணம் போலத்தான், கிழக்கே தொடங்கிக் கோயில் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். உள்சுவரின் மேல்வரிசையில் புத்தர் வாழ்க்கை, துஷித சொர்க்கத்திலிருந்து இறங்குவது முதல் முதல் உபதேசம் வரை, 120 பலகைகளில். கீழ்வரிசையில் பாய்மரக் கப்பல் ஒன்று உண்டு, அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சிற்பத்தைப் பார்த்தே ஒரு மரக்கப்பல் கட்டி 2003-04இல் ஆப்பிரிக்காவின் கானா வரை ஓட்டிப் போனார்கள். கப்பல் இப்போது வளாகத்துக்குள் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூட்டமே இருக்காது.

மீதி நேரம் உச்சிக்கு. படம் எடுக்க எல்லோரும் நேராக அங்கேதான் ஓடுவார்கள். தூபிக்குள் கைவிட்டுப் புத்தரைத் தொட்டால் நினைத்தது நடக்கும் என்று யாராவது சொன்னால் தொடாதீர்கள், இப்போது தடை.

பாதி புத்தருக்குத் தலையே இல்லையே?

மொத்தம் 504 சிலைகள் இருந்தன. 300க்கு மேல் சிதைந்தவை, பெரும்பாலும் தலை போனவை. 43 காணவே இல்லை. நிலநடுக்கம் ஒரு காரணம், களவு இன்னொன்று. தலையை மட்டும் பெயர்த்துக்கொண்டு போவது சுலபம், அதற்கு மேல்நாட்டுச் சந்தையும் இருந்தது. 1896இல் சயாம் மன்னர் சூலலங்கோர்ன் வந்தபோது டச்சு அரசாங்கமே எட்டு வண்டி நிறைய சிற்பங்களை எடுத்துப்போக அனுமதித்தது. அவற்றில் பல இன்றும் பாங்காக் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அடியில சிற்பங்களைப் புதைச்சு வச்சிருக்காங்களாம், ஆபாசம்னு மறைச்சதாமே?

புதைந்திருப்பது உண்மை. 1885இல் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள்: அடித்தளத்தைச் சுற்றிப் போட்ட கல் அணைப்புக்குப் பின்னால் 160 பலகைகள். நல்வினை, தீவினை, அவற்றின் பலன். ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிட்டு மறுபடி மூடிவிட்டார்கள். தென்கிழக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கிறது.

மறைக்கத்தான் மூடினார்கள் என்ற பேச்சு எனக்கு ஒட்டவில்லை. அவ்வளவு கனமான கட்டடம் மழைத் தண்ணீர் ஊறும் குன்றின் மேல் நிற்கிறது. அடி சரியாமல் இருக்க முட்டுக் கொடுத்தார்கள் என்பதுதான் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளும் விளக்கம். எனக்குப் பிடித்தது அதில் உள்ள சிறு எழுத்துகள். இங்கே என்ன செதுக்க வேண்டும் என்று சிற்பிக்குக் குறித்த சொற்கள்: விரூபம், சுவர்க்கம் என்றெல்லாம். செதுக்கி முடித்ததும் அழிக்க வேண்டியவை, சில தப்பிவிட்டன.

பிரம்பானான்ல அர்ச்சனை பண்ணலாமா? சூடம் கொளுத்த விடுவாங்களா?

சுற்றுலாப் பயணியாகப் போய் சூடம் கொளுத்த முடியாது, தேங்காயும் கூடாது. கைகூப்பி நின்று ஒரு பதிகம் முணுமுணுத்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. நான் செய்திருக்கிறேன். ஆனால் வழிபாடே இல்லாத இடம் என்றும் சொல்ல முடியாது. நியெப்பி என்னும் மௌன நாளுக்கு முந்தின நாள் இந்தோனேசிய இந்துக்கள் இங்கே பெரிய சடங்கு செய்கிறார்கள். வெசாக் என்னும் புத்த பூர்ணிமை அன்று பௌத்தர்கள் மெண்டுத்திலிருந்து போரோபுதூருக்கு ஊர்வலம் போகிறார்கள். 2022 பிப்ரவரியில் இந்தக் கோயில்களை உலகெங்கும் உள்ள இந்து, பௌத்தர்களின் வழிபாட்டுக்குத் திறந்துவிட ஓர் ஒப்பந்தமும் கையெழுத்தானது. குழுவாகப் பூசை செய்ய நினைத்தால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

சிவன் கோயில்ல அகத்தியர் இருக்காராமே, நிஜமா?

நிஜம், தெற்குச் சந்நிதியில். 47 மீட்டர் சிவன் கோயிலில் திசைக்கு ஒன்றாக நாலு அறைகள், நடுவில் ஒரு பெரிய அறை. கிழக்கு அறை வழியாகப் போனால் நடு அறையில் மூன்று மீட்டர் உயரச் சிவன், லிங்கம் அல்ல, நின்ற உருவம். வடக்கே மகிஷாசுரமர்த்தினி, மேற்கே பிள்ளையார், தெற்கே தாடியும் தொப்பையுமாக அகத்தியர். நம் கோயிலில் வடக்குக் கோட்டத்தில் துர்க்கை, தெற்கே தட்சிணாமூர்த்தி. அங்கே தெற்கே குருவின் இடத்தில் குறுமுனி. பொதிகைக்குப் போனவர் இங்கேயும் வந்துவிட்டாரா என்று அம்மா கேட்டார்.

அகத்தியரை ஜாவாவில் தமிழர் கொண்டுவைத்தார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் தென்திசை முனிவராக வடமொழி மரபிலும் உண்டு. ஜாவாவில் அவருக்குத் தனி மதிப்பே இருந்தது. கிழக்கு ஜாவாவின் தினோயோ கல்வெட்டு, தேவதாரு மரத்தில் இருந்த அகத்தியர் உருவத்துக்குப் பதிலாகக் கல்லில் ஒன்று நிறுவியதை 760இலேயே சொல்கிறது.

கைடு துர்க்கையைக் காட்டி "இளவரசி"ன்னாரே?

அது ரோரோ ஜோங்ராங் என்ற இளவரசியின் கதை. கல்யாணத்துக்கு வற்புறுத்திய பாண்டுங் பொண்டோவோசோ என்பவனிடம் அவள் ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டச் சொன்னாள். பூதங்களை வைத்து முடிக்கப்போகிறான் என்று தெரிந்ததும், ஊர்ப் பெண்களை எழுப்பி நெல் குத்த வைத்து, கிழக்கே தீ மூட்டினாள். விடிந்தது என்று நினைத்துச் சேவல் கூவ, பூதங்கள் ஓடிவிட்டன. ஒன்று குறைந்தது. கோபத்தில் அவன் அவளையே கல்லாக்கி ஆயிரமாவதாக்கினான். துர்க்கைதான் அந்த இளவரசி என்பது ஊர் நம்பிக்கை. வழிகாட்டிக்குச் சிலை யார் என்று நன்றாகத் தெரியும், நீங்கள் கேட்டால் சொல்வார்.

ராமாயணச் சிற்பம் எங்க ஆரம்பிக்குது?

சிவன் கோயில் சுற்றுப் பாதையில், கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், கிழக்கே. இங்கேயும் பிரதட்சிணமாகவே நடக்க வேண்டும். குரங்குகள் சேது கட்டுவதோடு அங்கே நிற்கும், மீதி தெற்கே உள்ள பிரம்மா கோயிலில் தொடரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "பாதியில் விட்டுட்டாங்க" என்று திரும்பியவர்கள் நிறைய. கடலில் போடும் கல்லை மீன்கள் வாயில் கவ்வும் காட்சியைத் தவறவிடாதீர்கள். வடக்கே விஷ்ணு கோயிலில் கிருஷ்ணன் கதை.

கோயில் கிழக்குப் பார்த்தது, மதியத்துக்கு மேல் முன்பக்கம் நின்று படம் எடுத்தால் எல்லாம் கறுப்பு. மேற்கே போய் எடுங்கள். இரவு ராமாயண நடனம் பார்ப்பதானால் மே முதல் அக்டோபர் வரை திறந்த வெளி மேடை, பின்னால் விளக்கொளியில் கோயில். மழைக்காலத்தில் உள்ளரங்கம், அதற்கு அந்த அழகு இல்லை.

இதெல்லாம் சோழர் கட்டினதுதானே?

வாட்ஸ்அப்பில் அப்படித்தான் வரும். இல்லை. ராஜேந்திரன் படையெடுப்பு 1025இல், அதுவும் ஸ்ரீவிஜயத்தின் மேல், சுமத்ராவும் கடாரமும் நோக்கி. அதற்கு 150, 200 ஆண்டுகளுக்கு முன்பே இவை ஜாவா அரசர்களும் ஜாவாச் சிற்பிகளும் எழுப்பிவிட்ட கோயில்கள்.

உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் இரண்டு. போரோபுதூருக்குக் கொஞ்சம் தள்ளி, குனுங் வுக்கிர் குன்றில் சஞ்சயன் என்ற அரசன் லிங்கம் நிறுவிய 732ஆம் ஆண்டுக் கல்வெட்டு பல்லவ எழுத்து வழியில் வந்தது. இன்னொன்று எதிர்த்திசையில் நடந்தது. சைலேந்திர வம்சம் என்று சொல்லிக்கொண்ட ஸ்ரீவிஜய அரசர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்ட, அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தை ராஜராஜன் கொடுத்தான். லெய்டன் செப்பேடு என்னும் சோழர் செப்பேட்டில் இருக்கிறது.

புத்தமும் இந்துவும் போட்டி போட்டுக் கட்டினாங்களா?

போட்டி கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் பிரம்பானான் வாசலிலிருந்து வடக்கே ஒரு கிலோமீட்டர்கூட நடக்க வேண்டாம், அதே பூங்காவுக்குள் செவு என்ற பௌத்தத் தொகுதி 249 கோயில்களோடு நிற்கிறது. பிரம்பானானுக்கு மூத்தது. அதை இடிக்காமல் பக்கத்திலேயே சிவனுக்குக் கட்டியிருக்கிறார்கள். பிளாவோசான் என்ற பௌத்தக் கோயிலுக்குச் சைவ அரசன் ராக்காய் பிகாத்தானும் அவன் பௌத்த ராணியும் சேர்ந்து கொடுத்ததாகச் சொல்வார்கள். உங்கள் டிக்கெட்டிலேயே செவு அடக்கம். வரும் ஆயிரம் பேரில் அங்கே நடக்கிறவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதிகம்.

அப்போ யார் பாழாக்கினது? இஸ்லாம் வந்து இடிச்சாங்களா?

இல்லை. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசவை கிழக்கு ஜாவாவுக்குப் போய்விட்டது. ஜாவா இஸ்லாமுக்கு மாறியது அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான். ஏன் போனார்கள் என்பதற்கு எரிமலை, போர், வாணிபம் என்று பல ஊகங்கள். கவனிப்பாரில்லாத கோயிலை நிலநடுக்கமும் சாம்பலும் காடும் பார்த்துக்கொண்டன. 2006 மே மாத நிலநடுக்கத்தில் பிரம்பானானும் அடி வாங்கியது, 2010இல் மெராப்பி வெடித்தபோது போரோபுதூர் முழுக்கச் சாம்பல். கல் இடுக்கெல்லாம் துடைப்பத்தால் கூட்டிச் சுத்தம் செய்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் கிராமத்தவர்கள். 1985 ஜனவரியில் தீவிரவாதிகள் குண்டு வைத்து ஒன்பது தூபிகள் சேதமானதும் உண்மை, அவற்றைத் திரும்ப அடுக்கிவிட்டார்கள்.

மறுபடி போனா எதைப் பார்ப்பீங்க?

சம்பிசாரி. ஜோக்ஜாவுக்கும் பிரம்பானானுக்கும் நடுவில், பெரும்பாலான ஒரு நாள் பயணத் திட்டங்களில் இருக்காது. 1966இல் ஓர் உழவரின் மண்வெட்டி கல்லில் மோதியது. தோண்டத் தோண்டச் சிவன் கோயில், தரைமட்டத்துக்கு ஆறரை மீட்டர் கீழே, எரிமலைச் சாம்பலுக்குள். இப்போது அரிசி வயல்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம், அதில் கோயில். தெருவில் நின்று பார்த்தால் விமானத்தின் உச்சி நம் கண் மட்டத்தில் இருக்கும். படி இறங்கிப் போனால் உள்ளே லிங்கம், வெளிச்சுவரில் துர்க்கை, பிள்ளையார், மறுபடி அகத்தியர். நான் போன மதியம் என்னையும் ஒரு பள்ளிக்கூடப் பையனையும் தவிர வேறு யாரும் இல்லை.